பறவை இன்மைச் சான்று

மார்க்கையன்கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊருக்கு அறுபது ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு உண்டு. அதில் புல் இருந்தது, வெட்டுக்கிளி இருந்தது, வெட்டுக்கிளியைத் தின்ன மைனாவும் கரிச்சானும் உண்ணிக்கொக்கும் இருந்தன. இந்த ஏற்பாடு எந்த அரசாணையும் இல்லாமல் நடந்துவந்தது. அதுதான் அதன் பெருங்குறை.

போன ஐப்பசியில் பொட்டிப்புரம் பக்கம் ட்ரோன் வைத்துப் பூச்சிமருந்து அடித்தார்கள் என்று சேதி வந்தது. எங்களுக்கு மானமே போய்விட்டது. அவர்களுக்கு ட்ரோன், எங்களுக்கு வெறும் வானமா? வெட்டுக்கிளித் தொல்லையால் ஊரே தத்தளிப்பதாக மனு கொடுத்தோம். எழுதியவன் நான்தான்.

ட்ரோன் வந்தது. ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்தது. மாட்டுக்குப் புல்லைக் காப்பாற்றித் தருவது திட்டத்தின் நோக்கம். மருந்தடித்த புல்லில் பதினைந்து நாள் மாடு வாய் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. பதினாறாம் நாள் அடுத்த சுற்று என்பது அட்டவணை. புல் மிகப் பத்திரமாக இருந்தது.

மூன்று சுற்று முடிவதற்குள் செத்த பூச்சியைத் தின்ற மைனாக்கள் அங்கங்கே கிடந்தன. மிச்சப் பறவைகள் கிளம்பிவிட்டன. பொறுக்க ஆளில்லாமல் மாடுகளின் காதிலும் மடியிலும் உண்ணி கொத்துக்கொத்தாகப் பிடித்தது. மாயக்காளுக்கு இருப்பது ஒரே ஒரு செவலைப் பசு. அது எலும்பு தெரிய நின்றது.

மாயக்காள் தேனிக்கு பஸ் ஏறினாள். வெட்டுக்கிளி ஒழிப்பு மற்றும் பறவைகள் பாதுகாப்பு ஒருங்கிணைந்த பிரிவின் அலுவலர் பாண்டீஸ்வரன். காலையில் ஒழிப்பார், மதியத்துக்கு மேல் பாதுகாப்பார். மாயக்காள் மதியம் போனாள்.

"வந்தாக, அடிச்சாக, போனாக. இன்னொரு சுத்து அடிச்சா என் மாடு தாங்காது சார்."

"பறவை இருக்கிற நிலத்துல மருந்து அடிக்கவே கூடாதும்மா. போன வாரம்தான் விதி வந்திருக்கு. நேர்ல வந்து பார்ப்பேன். ஒரு பறவை இருந்தாலும் திட்டம் ரத்து."

"நீங்க அடிச்சுத்தான சார் ஒண்ணுகூட இல்லாமப் போச்சு?"

"அப்ப இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க" என்று அவர் குறித்துக்கொண்டார்.

ஆய்வுக்கு வந்தபோது, நேரத்தை மிச்சப்படுத்த ட்ரோனையும் கூடவே கொண்டுவந்தார். நாங்கள் சலவைச் சட்டையில் நின்றோம். மாயக்காள் மட்டும் பசுவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அப்போது முல்லைப் பெரியாற்றுப் பக்கமிருந்து ஒற்றைக் கொக்கு வந்து, பசுவின் முதுகில் உட்கார்ந்து, உண்ணியைக் கொத்தத் தொடங்கியது.

"சார், இங்கன பாருங்க! கொக்கு!"

பாண்டீஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "எதுமேல உக்காந்திருக்கு?"

"மாட்டு மேல."

"மாடு?"

"நெலத்துல."

"அப்ப நிலத்துல இருக்கிறது மாடு. மாட்டுக்குப் படிவத்துல இடமில்லை. கொக்கு நிலத்துல கால் வைக்கணும். பத்து நிமிஷம் தர்றேன்."

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்பதாம் நிமிஷம் கொக்கு குனிந்து புல்லைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியது. அந்த நேரம் பார்த்து ட்ரோன் கிளம்பியது. அவ்வளவுதான், எல்லாம் மறந்துபோய்க் கைதட்டி விசிலடித்தோம். கொக்கு ஆற்றைப் பார்த்துப் பறந்தது.

"பறவை: இல்லை" என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். சாட்சி போடுகிறவர் ட்ரோனோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"ஏலே, உன் மாட்டுக்கு உண்ணி இல்லையாலே?" என்றாள் மாயக்காள், பேனாவை வாங்கிய என்னைப் பார்த்து.

இருந்தது. காதுக்குள் கொத்தாக இருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

படத்தில் நன்றாகவே விழுந்திருந்தேன். தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று பறந்துபோவது தெரிந்தது. சான்றுக்கு முரணாக இருப்பதால் பாண்டீஸ்வரன் அந்த ஓரத்தை வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

எட்டாம் நாள் செவலை செத்தது. திருப்பூரிலிருந்து மாயக்காளின் மகன் வேல்பாண்டி வந்து குழி வெட்டினான். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான்.

"அடுத்த சுத்து என்னைக்குண்ணே? நான் இன்னும் ட்ரோனைப் பாத்ததே இல்ல. லீவை அதுக்குத் தக்கனப் போட்டுக்கிருவேன்."