பலாப் பிசினும் நாற்பத்தொரு குவளையும்

எதையும் விதிப்படி செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளி முடித்த நாளிலிருந்து விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் ஒரே ஒரு நாளின் பக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. (காட்டாமலே அவர்களுக்கு அது மனப்பாடம். உபயம்: என் மனைவி.)

1976 ஜூன் மாதம். கல்யாணமாகிப் பதினேழாம் நாள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு, மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். அன்று மாலை பக்கத்துத் தோட்டத்து வெள்ளையன் ஒரு பெரிய பலாப்பழத்தைச் சுமந்து வந்து வாசலில் இறக்கினார். புது மாப்பிள்ளை சும்மா இருக்கலாமா? நானே வெட்டுகிறேன் என்று கத்தியை வாங்கினேன்.

"ஏனுங்க மாப்ளே, மொதல்ல கைக்கு எண்ணெய் தடவிக்கங்க. பிசின் நொம்பப் பொல்லாதுங்க" என்றார் வெள்ளையன்.

"ஆபீஸ்ல வருஷம் பூரா கோந்துலயே கை வெக்கிறவன் நானுங்க. இதெல்லாம் ஒரு பிசினா?"

என் மனைவி ஜமீலாவின் அண்ணன் ஜாபர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். ஏன் என்று அப்போது புரியவில்லை. பாதி வெட்டும்போது முழங்கையில் கொசு கடித்தது, சொறிந்தேன். பிறகு காதுக்குப் பின்னால் கடித்தது, அங்கேயும் சொறிந்தேன். ராத்திரி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, எல்லாம் போய்விட்டது என்று நம்பினேன்.

கணவனும் மனைவியும் கூடினால் குளிப்பு கடமை, குளித்த பிறகுதான் தொழுகை என்பது எங்கள் மார்க்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏற்காட்டுக் குளிரில் பத்து மணிக்கு முன் யாரும் சும்மா குளிக்கமாட்டார்கள். விடியற்காலையில் புது மாப்பிள்ளை தலை நனைந்து வந்தால் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னதற்குச் சமம். அந்த வீட்டில் ஏழு பேர். குளியலறை ஒன்றே ஒன்று, அதுவும் கொல்லையில்.

எனவே நானும் ஜமீலாவும் திட்டம் போட்டோம். நாலே முக்காலுக்கு நான், ஐந்து மணிக்கு அவள். வெந்நீர் அண்டாவில் ஆளுக்குப் பாதி. மாமி எழுவது ஐந்தேகாலுக்கு. அதற்குள் இருவரும் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். சூரியன் உதிப்பது ஆறுக்கு ஏழு நிமிடம் முன்னால்; அதற்குள் இருவரும் சுபுஹு என்ற வைகறைத் தொழுகையை முடித்துவிட வேண்டும்.

சரியாக நாலே முக்காலுக்கு உள்ளே போனேன். வாய் கொப்பளித்தேன், மூக்கைச் சுத்தம் செய்தேன், தலையிலிருந்து ஊற்றினேன். அரிக்கேன் வெளிச்சத்தில் முழங்கை தெரிந்தது. கருப்பாக, எட்டணா அகலத்தில் பிசின். விரலிடுக்கில் இன்னும் மூன்று இடம். காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். முடியோடு சேர்ந்து கெட்டியாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பே ஒரு சிறு மார்க்கப் புத்தகம் வாங்கி, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருந்தேன். உடம்பில் முடியளவு இடம்கூட நனையாமல் விடக்கூடாது, தண்ணீரைத் தடுக்கும் பொருள் ஏதும் இருந்தால் நீக்க வேண்டும். (சிவப்புக் கோடு, இரண்டு தடவை.)

தேய்த்தேன். பதினெட்டாவது குவளையில் சோப்பு கரைந்து தீர்ந்தது. இருபத்தாறாவது குவளையில் தேங்காய் நார் கையோடு ஒட்டிக்கொண்டது. இப்போது பிசின் மேல் நார், நார் மேல் நுரை.

கதவு தட்டப்பட்டது. "ஏங்க, மணி அஞ்சேகாலு. உள்ள என்னதாங்க பண்றீங்க?" ஜமீலாவின் கிசுகிசுப்பு.

"பலாப் பிசின் போகல."

"எண்ணெய் வெச்சாத்தானே போகும்!"

"சரி, போய் எடுத்துட்டு வா."

"அம்மா எந்திரிச்சு அடுப்பங்கரையில இருக்காங்க. என்னன்னு சொல்லிக் கேப்பேன்?"

"தலைக்குன்னு சொல்லு."

போனாள். கொல்லை வரை எல்லாம் கேட்டது.

"இந்நேரத்துல எண்ணெய் எதுக்குடி?"

"தலைக்கும்மா."

"யாரு தலைக்கு?"

அந்தக் கேள்விக்கு விடை எங்கள் திட்டத்தில் இல்லை. அப்போதுதான் பால் கொண்டுவந்திருந்த வெள்ளையன், இரண்டு எஸ்டேட்டுக்குக் கேட்கும் தன் குரலில் சொன்னார்: "அட, மாப்ளைக்கு இன்னும் பிசின் போகலீங்களா! நான் நேத்தே சொன்னேனுங்களே!"

ஜாபர் பல் துலக்கும் குச்சியோடு வந்து கதவிடுக்கில் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். "மாப்ளே, ஆபீஸ் கோந்து என்னாச்சு?"

எண்ணெய் பட்டதும் பிசின் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் எண்ணெயும் தண்ணீரைத் தடுக்குமே! மறுபடி ஊற்றினேன். நாற்பத்தொன்றாவது குவளை அண்டாவின் அடியில் 'டங்' என்று இடித்தது. ஜமீலாவின் பாதியையும் நானே குளித்துவிட்டிருந்தேன்.

வெளியே வந்தபோது மணி ஐந்து முப்பத்தொன்று. வெந்நீர் போட நேரமில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொட்டித் தண்ணீரோடு உள்ளே போனாள். முதல் குவளைக்கு "யா அல்லாஹ்!" என்று எழுந்த குரலில் தெரு நாய்கள் குரைத்தன. மாமனார் மட்டும் மரியாதைக்காகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டினார். அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

நான் தொழுது முடித்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமீலா பல் கிடுகிடுக்க ஓடி வந்து தொழுதாள். அவள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது சூரியன் உதிக்க நான்கு நிமிடம் இருந்தது.

பிறகு இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் புஸ்தகத்தை எடுங்க" என்றாள். சிவப்புக் கோட்டைக் காட்டினேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள். முயன்றும் போகாத கறைக்குக் குற்றமில்லை என்று முதல் வரியிலேயே இருந்தது. அதற்குக் கீழே, தண்ணீரை வீணாக்கக் கூடாது என்றும் இருந்தது. அங்கே கோடு எதுவுமில்லை.

"அடுத்த பக்கம்னு ஒண்ணு இருக்குங்க" என்றாள்.

அன்றைய நாட்குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்: 'குளிர். பழம் நல்ல இனிப்பு. குவளை 41.'

இன்றுவரை வீட்டில் நான் எந்தச் சட்டம் போட்டாலும் பிள்ளைகள் கேட்பது, "அத்தா, அடுத்த பக்கம் பாத்தீங்களா?" போன வருடம் மூத்த மகளின் கல்யாணம் முடிந்து புது மருமகன் ஏற்காட்டுக்கு வந்தார். அவர் பலாப்பழத்தை வெட்டக் கத்தியை எடுக்கும் முன்பே ஜாபர் அவர் கையில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தார்.

"இது எதுக்குங்க?" என்றார் மருமகன் பணிவாக.

வீடே என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தஸ்பீஹை எடுத்தேன்.