மாமா பிடுங்காத வயர்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் தலை குனிந்து எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அத்தானும் அக்காவும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனிலேயே பேசியிருக்கலாம்தான். நேற்று அழைத்தேன். நீங்கள் எடுத்து "யாரு?" என்று கேட்டதும் வைத்துவிட்டேன். "ராங் நம்பர்" என்று நீங்கள் அத்தானிடம் சொல்லியிருப்பீர்கள். அது நான்தான் மாமா.

நான் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களுக்குக் குற்றவியல் நீதி நடத்துகிறேன் என்று நீங்கள் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறீர்கள். "எங்க பொண்ணு போலீஸுக்கே பாடம் எடுக்குது" என்று மருந்துக்கடைக்காரரிடம் நீங்கள் சொன்னதை நானே கேட்டேன். ஆனால் அந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இணையத்திலல்லவா நடத்துகிறேன். என் மாணவர்கள் எல்லாரும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். ஒருவர் சிறை அதிகாரி, ஒருவர் காவல் ஆய்வாளர், ஒரு அம்மா அரசு வழக்கறிஞர். நம் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்த நான், ஒரு கைதியைக்கூட நேரில் பார்த்திராத நான், கட்டிலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவே மடிக்கணினியோடு ஒடுங்கி உட்கார்ந்து, சந்தேக நபரை எப்படி விசாரிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். எழுதிவைக்காமல் எனக்கு ஒரு வரி வராது. ஒருமுறை "இங்கே சிரிக்கவும்" என்று எனக்காக எழுதிவைத்திருந்ததையும் சேர்த்து வாசித்துவிட்டேன். அவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு எங்கள் துறைத் தலைவி அம்மாவும் திரையில் வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த பருவத்துக்கும் இந்தப் பெண்ணை வைத்துக்கொள்ளலாமா, அனுப்பிவிடலாமா என்று பார்க்கத்தான். பாடம், தப்பே செய்யாதவர்கள் ஏன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள் என்பது. இல்லாத சாட்சியத்தை இருப்பதாகச் சொல்லி மிரட்டக் கூடாது, மற்றவர் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று புளுகக் கூடாது, ஒப்புக்கொண்டால் விட்டுவிடுகிறேன் என்று ஆசை காட்டக் கூடாது, ஆளை எழுந்து போகவிடாமல் களைப்படைய வைக்கக் கூடாது. இவ்வளவையும் வாசித்து முடித்து நான் தலை நிமிர்ந்தபோது, ஆய்வாளர் கொட்டாவி விட வாய் திறந்தபடி திரையில் உறைந்து நின்றார். இணையம் போய்விட்டது. கைப்போனை எடுத்து அதன் வழியாக வகுப்புக்குள் நுழையப் பார்த்தேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வர, அந்தப் போனைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தேன். நீங்கள் இணைய ரவுட்டர் இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். மாமா, என் கையில் இருந்த ஒரே ஆதாரம் உங்கள் நாற்காலி அங்கே கிடந்ததுதான்.

"மாமா, வயரைப் பிடுங்கினீங்களா?"

"எந்த வயரும்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"தெரியாததைத் தெரியாத மாதிரிதானேம்மா கேக்க முடியும்?"

"வயர்ல உங்க கைரேகை இருக்கு."

"அதுக்குள்ள பாத்துட்டியா?"

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

அம்மா அப்போது அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒத்துக்கிட்டீங்கன்னா அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மடித்து, குளியலறைக்குப் போகலாமா என்பதுபோல எழுந்தீர்கள். "பதில் சொல்லிட்டுப் போங்க" என்றேன். பணிக்காலம் முழுவதும் பேருந்து ஓட்டி ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனிதரை, குளியலறைக்குப் போக நான் அனுமதி கேட்க வைத்தேன்.

"சரிம்மா, நான்தான் பிடுங்கினேன். போதுமா?"

"எந்த வயரு?"

"அந்தக் கறுப்பு வயரு."

"எதுக்குப் பிடுங்கினீங்க?"

"நீயே நல்லதா ஒரு காரணம் போட்டுக்கோ தாயி, என்னை விடு."

நீங்கள் குளியலறைக் கதவைச் சாத்தினீர்கள். அதுவரைதான் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என் கை பேசியது மாமா. "மேடம், அங்க இருக்கிறது வெள்ளை வயரு. அவர் கறுப்புங்கறாரு. அப்ப இது பொய் வாக்குமூலம்தானே?" சிறை அதிகாரியின் குரல். போன் எப்போதோ இணைந்துவிட்டிருக்கிறது. உங்கள் செருப்பு, மேசையின் கால், என் மோவாய், நாம் பேசியது அத்தனையும் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். வேலை போயிற்று, மானமும் போயிற்று என்று திரையைப் பார்த்தால், எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். "பிரமாதம் மேடம், செய்யக் கூடாதது நாலையும் வரிசையா செஞ்சே காட்டிட்டீங்க!" என்றார் ஆய்வாளர். வழக்கறிஞர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பெரியவர் என்னமா நடிக்கிறார்! நாடகக்காரரா?" என்று கேட்டார். துறைத் தலைவி அம்மா, "உங்களுக்குப் பேசவே வராதுன்னு நினைச்சேன். அடுத்த பருவமும் நீங்கதான். ஒரு நாள் அந்த நடிகரைக் கூட்டிட்டு வாங்க, மத்த ஆசிரியர்களும் பார்க்கட்டும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நன்றி மேடம்" என்றேன்.

அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. எழுதிவைக்காமல், திக்காமல், இத்தனை வயதில் நான் பேசிய ஒரே பேச்சு உங்களைக் குற்றம் சாட்டியதுதான். அதற்குத்தான் பாராட்டு. மறுநாள் காலையில் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு, அத்தான் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னீர்கள். வாசலில் என்னைப் பார்த்து, "வரேம்மா. வயர் எதையும் தொடலை" என்றீர்கள். கேலியாகச் சொன்னீர்களா, நிஜமாகவே சொன்னீர்களா என்று இன்று வரை பிடிபடவில்லை. கேலி என்றால் சிரித்திருப்பீர்கள். அன்றிலிருந்து கூடத்தில் உங்கள் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. அப்பாகூட நின்றுகொண்டே பேப்பர் படிக்கிறார்.

நீங்கள் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. பக்கத்து வீட்டுத் தையற்கார அம்மா, "எங்க வீட்லயும் நெட்டு இல்லாமப் போச்சும்மா" என்றார். எனக்குப் பொறி தட்டியது. வயர் சுவரில் சரியாகத்தான் செருகியிருக்கிறது, ஆக இது இணையக் கம்பெனிக்காரர்களின் வேலை. உடனே அவர்களின் சேவை மையத்தை அழைத்து, அங்கிருந்த பெண்ணை ஒரு பிடி பிடித்தேன். "மன்னிச்சுக்கோங்க மேடம், எங்க தப்புதான்" என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஆகவே மாமா, நீங்கள் குற்றமற்றவர் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணம் ஆகிவிட்டது. துறைத் தலைவி அம்மாவுக்கும் இன்று காலை எழுதிவிட்டேன். அவர் நடிகர் இல்லை, என் தாய்மாமா. அது நடிப்பும் இல்லை, என் புத்தி. பதில் இன்னும் வரவில்லை. வேலை போனால் போகட்டும். இனிமேல் தீர விசாரிக்காமல் ஒருவர்மேலும் பழி போட மாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். நீங்கள் திரும்பி வர வேண்டும். வந்து என்னைத் திட்ட வேண்டும். எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்பேன்.

அத்தானுக்கும் அக்காவுக்கும் என் வணக்கம், குட்டிகளுக்கு முத்தம். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு முடிக்கும்,

உங்கள் தங்கை மகள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மா என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். "கம்பெனிக்காரன் என்னடி பண்ணுவான்? மேசைக்குப் பின்னாடி கூட்டணும்னு நான்தான் வயரைப் பிடுங்கினேன். கூட்டிட்டு மறுபடி செருகிட்டேன். அண்ணன் பக்கத்துலதானே உக்காந்திருந்தாரு" என்றாள். தையற்கார அம்மா சொன்னது வகுப்புக்கு முந்தின நாள் கதையாம். "ஏம்மா அன்னைக்கே சொல்லலை?" என்றால், "நீ என்னைக் கேக்கலையே" என்கிறாள். ஆக, உங்கள் வாக்குமூலம் பொய்தான், ஆனால் தங்கைக்காகத் தெரிந்தே சொன்ன பொய். சேவை மையப் பெண்ணின் வாக்குமூலமும் பொய். இப்போது அம்மா வாயைத் திறப்பதில்லை. "எங்க அண்ணன் வரட்டும், அவர் முன்னாடிதான் பேசுவேன்" என்கிறாள். அது அவள் உரிமை. நானே அதை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். சீக்கிரம் வாருங்கள் மாமா.