டாக்டரின் நட்சத்திரம்

மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். கல்லணையும் திறந்தாயிற்று. கடைமடைவரை போய்ச் சேர்ந்தது. என் ஒருவனுக்குத்தான் அடைப்பு.

புராஸ்டேட் வீக்கம். சிறுநீர் என்று பெயர் வைத்தவர் அன்று என் வயிற்றைப் பார்த்திருந்தால் பெயரை மாற்றியிருப்பார். கும்பகோணத்துக் கல்யாணப் பந்தியிலிருந்து நேரே ஆஸ்பத்திரி. குழாய் போட்டு, பை மாட்டி அனுப்பினார்கள்.

"இனி மாத்திரை கேட்காது சார். லேசர்தான். வெளியே தையல்கூட இருக்காது. தள்ளிப்போட்டா கிட்னி கெட்டுரும்" என்றார் டாக்டர் யூனுஸ்.

நான் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியன். சோழர் போர்களை ரத்தம் தெறிக்க நடத்தியவன். ஊசியைக் கண்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். ஆகவே பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தேன்.

"திங்கக்கிழமை போவமாங்க?" என்றாள் மனைவி பிரகதாம்பாள்.

"அஷ்டமி."

"செவ்வாய்?"

"நவமி."

"புதன்?"

"எனக்குச் சந்திராஷ்டமம்."

"போன வாரமும் அதத்தானே சொன்னீங்க? சந்திரன் என்ன, எட்டாம் வீட்டுல வாடகைக்கே வந்துட்டாரா?"

இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் ஆபரேஷன் செய்துகொள்வார்கள்? வெற்றி எனக்கே என்று பையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

காலையில் வாசலில் ஆட்டோ.

"கிளம்புங்க. நாள் பார்த்தாச்சு."

"இன்னிக்கு எனக்கு நாளே சரியில்லையேடி!"

"உங்களுக்கு எதுக்கு நாளு? நீங்க சும்மா படுத்திருக்கப் போறீங்க. வேலை செய்யப்போறவர் டாக்டர். அவருக்குப் பார்த்தேன், அமோகமா இருக்கு."

"யூனுஸுக்கு ஏதுடி நட்சத்திரம்?"

"ரோகிணி. நாகப்பட்டினத்துல அவங்க உம்மாவுக்கே ஃபோன் போட்டு, பிறந்த நேரம் கேட்டுச் சொன்னாரு."

இந்தத் தர்க்கத்துக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் பரிகாரம் இல்லை. ஏறினேன்.

முதுகில் ஓர் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை. பயந்ததில் பாதிகூட நடக்கவில்லை. மறுநாள் குழாயை எடுத்ததும் முதலில் கொஞ்சம் எரிச்சல்; பிறகு காவிரி. கழிவறையில் நின்று ஆனந்தக் கண்ணீரும் சேர்த்து விட்டேன்.

டாக்டர் பார்க்க வந்தார். மனம் குளிர்ந்து சொன்னேன்: "ரோகிணிக்காரங்க கைராசியே தனிதான் டாக்டர்!"

அவர் விழித்தார். "நானா? எங்க வீட்டுல யாரும் நட்சத்திரம் பார்த்ததே இல்லையே சார். உங்க வீட்டம்மா கேட்டது ஒண்ணுதான்: என்னிக்கு தியேட்டர் காலின்னு."

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிதானமாக ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இவர் பொய் சொல்லச் சந்திரனைக் கூட்டுச் சேர்த்துக்கிட்டாரு டாக்டர். எனக்கு நீங்கதான் கிடைச்சீங்க."