நான்கு விநாடி வாழ்த்துமடல்

இந்த இனத்தைக் கல்யாண மண்டபங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாலி ஏறி, நாகஸ்வரம் ஓய்ந்து, சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் பந்திக்கு எழுந்திருக்கும் சரியான அந்த நேரத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாளை மார்போடு அணைத்தபடி மேடையேறி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, எல்லோரையும் மறுபடி உட்கார வைக்கிறவர். வாழ்த்துமடல்காரர். சோற்றுக்கு முன்னால் கவிதை!

நெரவி தர்மலிங்கம் இந்த இனத்தில் முதல் தரம். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் ஓர் ஒற்று விட்டுப்போனாலும் மடலைத் திரும்ப அச்சடிக்க வைப்பார். முன்பெல்லாம் ஒரு மடலுக்கு ஒன்பது நாள். மாப்பிள்ளை என்ன சுபாவம், பெண்ணுக்கு எதில் பிரியம் என்று வீடு தேடிப் போய் விசாரிப்பார். இப்போது? போனில் இரண்டு பெயரைத் தட்டுகிறார். ஏ.ஐ. நான்கே விநாடியில் பன்னிரண்டு வரி தருகிறது. குறை சொல்ல முடியாது. எழுத்துப்பிழை கிடையாது, எதுகை பிசகாது. பிரான்சிலிருந்து வந்த மார்கெரித் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிரெஞ்சிலும் ஒரு படி கொடுத்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஸ்டெஃபான் எழுந்து நின்று கைதட்டினார். அன்றிலிருந்து யார் பாராட்டினாலும் தர்மலிங்கத்திடம் ஒரே பதில்தான்.

"சும்மா எழுதலைங்க. செதுக்குனேன்."

செதுக்கியது எதை? பெயரை.

தங்கை பாரதிப்ரியாவின் கல்யாணம் வந்தது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறவள். தாய் தகப்பன் இல்லாமல் இவர் வளர்த்த பெண். மடலைக் கேட்டு அவள் ஒரு தடவை கண் கலங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதனால் ஏ.ஐ.யிடம் மூன்று முறை கேட்டு, இருப்பதில் நல்லதை எடுத்துச் சட்டம் போட்டார்.

மேடையில் மூச்சை இழுத்துத் தொடங்கினார். "நிலவு நீயாக, நீலவானம் அவனாக..."

"நெஞ்சமெல்லாம் தேனாக!" என்று கீழேயிருந்து முடித்து வைத்தார் பந்தல்காரர் காஜா நஜ்முதீன். "ஏன் தருமு, போன வாரம் விழிதியூர்லயும் இதே நிலவுதானய்யா? நம்ம பக்கம் எத்தனை நிலவுதான் இருக்கு?"

தானே எழுதியிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். வாசித்தது மட்டும்தானே, மறந்துபோயிற்று. ஆனால் முகூர்த்த மாதத்தில் விழிதியூருக்கும் நெரவிக்கும் வருகிற ஜனங்கள் அதே ஜனங்கள், அவர்களுக்கு மறக்கவில்லை.

மண்டபம் குலுங்கியது. தங்கை சிரிக்கவில்லை. "இதுல நான் எங்கண்ணே இருக்கேன்?" என்றாள் மெதுவாக. மைக் அதையும் எல்லோருக்கும் சொன்னது.

தர்மலிங்கம் பழக்கத்தில் கடைசி வரிசையைப் பார்த்தார். அவர் வாசிக்கும் கல்யாணங்களில் எல்லாம் தங்கை அங்கேதான் உட்காருவாள். குரல் எட்டவில்லை என்றால் கையைத் தூக்குவாள். இன்று அந்த நாற்காலி காலி. மடலைக் கவிழ்த்து வைத்தார்.

"கேக்கலைன்னு கை தூக்க... இனிமே கடைசி வரிசையில எனக்கு ஆளில்ல தாயி."

அவ்வளவுதான் வந்தது. எதுகை இல்லை. பாரதிப்ரியா மாலையை விலக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காஜா நஜ்முதீன் விறுவிறுவென்று போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கினார். "கேக்கல தருமு! சத்தமா!"

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுநாளே அந்த வரியைப் போனில் கொடுத்து, "கொஞ்சம் மெருகேத்து" என்றார். "கடைசி வரிசையின் கலங்கரை விளக்கே!" என்று வந்தது. ஆகா என்று தலையாட்டிவிட்டு, அதில் அவள் தூக்கிய கையைக் காணோமே என்று மேலும் கீழும் தேடினார். பிறகுதான் அழித்தார்.

சிரித்தது போதும். போன பிறந்தநாளுக்கு உங்கள் தங்கைக்கு எட்டு வரி அனுப்பினீர்களே, அதில் அவள் எந்த வரியில் இருந்தாள்? வேண்டாம், இதையும் போனிடம் கேட்காதீர்கள்.