லதானோ செடிக்கு ஊற்றிய தண்ணீர்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் சிஃபிஸ். என் மனைவி ஆர்கிரோ இரண்டாவதுதான்.

சிஃபிஸ் என் மாப்பிள்ளைத் தோழன். கோவிலில் எங்கள் இருவர் தலையிலும் மலர்க் கிரீடங்களை மாற்றி வைத்தவன். அந்தக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, நாற்பத்தொரு வருஷம் ஆகிறது, என் சீப்பை இரவல் வாங்கிப் போனான். தலை சீவுகிற சீப்பு இல்லை. நீளக் கம்பில் வரிசையாகத் தோல்வார் தொங்கும் சீப்பு. ஜூலை உச்சிவெயிலில் மலையெல்லாம் லதானோ செடிகளுக்கு வியர்க்கும். அந்த வாரால் செடியைத் தடவித் தடவி அடித்தால் பிசின் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் கத்தியால் சுரண்டினால் கறுப்பு உருண்டை. கோவில் தூபத்துக்கு வாங்கிப் போவார்கள். வெயிலும் பிசினும் கலந்த அந்த வாசனை ஒரு வாரம் உடம்பை விட்டுப் போகாது. நான் தெருமுனை திரும்பும்போதே வாசனையை வைத்து ஆர்கிரோ ஜன்னலுக்கு வந்த காலம் அது.

சீப்பு திரும்பி வரவில்லை. பதிலாக, கல்யாணப் பரிசு என்று மலையிலிருந்து ஒரு லதானோ செடியை வேரோடு பிடுங்கி வந்து எங்கள் வாசலில் நட்டான். ஆடுகூடக் கடிக்காத செடி. ஒரு லட்சம் கிடக்கிறது மலையில். அது பரிசாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலும் ஆர்கிரோ அந்தச் செடி முன்னால் காப்பியோடு உட்கார்ந்துவிடுவாள். இஸ்திரி போடாத சட்டை மாதிரிக் கசங்கிய ரோஸ் நிறப் பூ. காலையில் விரியும், மத்தியானம் உதிரும். அதைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"அப்படி என்ன இருக்கு அந்தப் பூவுல?"

"பழைய ஞாபகம்."

"யாரோட ஞாபகம்?"

"காப்பி ஆறுது. குடிங்க."

யாருடைய ஞாபகம் என்று கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை. செடியை வைத்தது யார்?

இந்த வருஷம் முடிவெடுத்தேன். ஒன்று செடி, இல்லை நான். வெட்டினால் மாட்டிக்கொள்வேன். ஆனால் ஆடு மேய்த்தவனுக்குத் தெரியும்: லதானோவுக்குக் கோடையில் தாகம்தான் மருந்து. குளிர்கால மழையே அதற்குப் போதும். வெயிலில் வேரை நனைத்துக்கொண்டே இருந்தால் அழுகிச் செத்துப்போகும். கொலை செய்கிறான் என்று யார் சொல்வார்கள்? தண்ணீர் ஊற்றுகிறவனை!

ஜூன் முதல் தேதியிலிருந்து ஆர்கிரோ மத்தியானத் தூக்கம் போடும் நேரத்தில் தினம் நாலு வாளி. கிணறு தெருக்கோடியில். முதுகெலும்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

இரண்டாம் நாளே பிடிபட்டேன்.

"செடிக்குத் தண்ணியா ஊத்துறீங்க?"

"பாவம், வாடுது."

"என் தக்காளிக்கு ஒரு வாளி ஊத்துங்கன்னு எத்தனை வருஷமா கெஞ்சுறேன்! இடுப்பு வலின்னீங்க."

"அது வேற இடுப்பு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "நல்லா ஊத்துங்க. கஞ்சத்தனம் வேணாம். அஞ்சு வாளியா ஊத்துங்க" என்று உள்ளே போய்விட்டாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஐந்து வாளியாக ஊற்றினேன்.

செடி சாகவில்லை. இலை பளபளத்தது.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். சிஃபிஸ் சாப்பிட வந்தான். பார்லி ரொட்டிமேல் தக்காளியைத் துருவி, பாலாடைக்கட்டி உதிர்த்து, எண்ணெய் ஊற்றி ஆர்கிரோ வைத்தாள். ஒரு தக்காளி என் முழங்கால் முட்டியளவு.

"ஊரே காஞ்சு கிடக்கு. உனக்கு மட்டும் எப்படித் தங்கச்சி இப்படிக் காய்ச்சுது?"

"எல்லாம் உங்க சிநேகிதர் புண்ணியம்ணே. தினம் அஞ்சு வாளி."

எழுந்து போய்ப் பார்த்தேன். செடியைச் சுற்றி எப்போதும் போலச் சரளைக்கல். சரளையை விலக்கினால் கீழே பழைய கூரை ஓடுகள், சாய்வாக, ஒன்றோடொன்று கோத்து. நான் ஊற்றிய தண்ணீர் வேரைத் தொடாமல், சுவருக்குக் கீழே இருக்கும் தக்காளிப் பாத்திக்கு நேராக ஓடியிருக்கிறது.

"தூங்கலையா நீ?"

"நீங்க வாளியைத் தூக்கிட்டுப் போறப்போ எனக்கு எப்படித் தூக்கம் வரும்? மறுநாள் விடியக்காலையே ஓடு பதிச்சுட்டேன். அந்தச் செடி மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"அவன் வச்ச செடிதானே!"

சிஃபிஸ் வாயில் ரொட்டியோடு சிரித்தான். "மாப்ளே, நான் வச்சது அந்தக் குளிருக்கே செத்துப்போச்சே! வேரோட பிடுங்கினா லதானோ பிழைக்குமா? ஆடு மேய்ச்சவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

நான் ஆர்கிரோவைப் பார்த்தேன். அவள் மேசையைத் துடைத்தபடி சொன்னாள்.

"முதல் கோடையில நீங்க மலையிலேருந்து வந்தப்போ பூட்ஸ் பூரா பிசின். சுரண்டி அடுப்புல போட்டேன். அதுல ஒட்டியிருந்த விதை கருகலை, சூடு பட்டாத்தான் லதானோ விதை நல்லா முளைக்கும். சாம்பலை வாசல்ல கொட்டினேன், மழைக்கு முளைச்சுது. இது அதோட பேரனுக்குப் பேரன். பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு மேல இது இருக்காது. விதையை எடுத்து அதே இடத்துல நான்தான் மறுபடி மறுபடி போடுறேன். உங்க பூட்ஸ் வாசனைக்காக."

நாற்பது வருஷமாக என்னையே நான் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சிஃபிஸ் பக்கம் திரும்பினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். என் சீப்பு எங்கடா?"

"எந்தச் சீப்பு?"

"அண்ணனைச் சாப்பிட விடுங்க" என்றாள் ஆர்கிரோ. "நாளையிலேருந்து ஆறு வாளி. பாத்தியில கத்தரிக்காயும் வச்சிருக்கேன்."

ஊற்றிக்கொண்டிருக்கிறேன். சீப்பு இன்னும் வரவில்லை.