முடி உள்ள சாட்சி தேவை

எங்கள் வீட்டில் ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு வேலை என்பது ஊதாரித்தனம். கண் பரிசோதனைக்குச் சித்தூர் போனால் திரும்பும்போது பம்ப்செட்டுக்கு பெல்ட் வாங்கி வர வேண்டும். கல்யாணத்துக்குப் பங்காருபாளையம் போனால் மாங்காய் மண்டியில் விலை விசாரித்து வர வேண்டும் (தாலி கட்டும் நேரத்தில் நைனா, அதாவது என் அப்பா, மண்டியில் நின்றிருந்ததாக இன்றும் ஒரு புகார் உண்டு). இந்தக் கொள்கைதான் என் வெளிநாட்டுப் படிப்பை, தொடங்குவதற்கு முன்பே கிட்டத்தட்ட முடித்துவைத்தது.

நகரிக்குப் பக்கத்தில் கரும்பும் மாவும் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. பொறியியல் முடித்த வருஷம், வெளிநாட்டில் நீர் மேலாண்மை படிக்க அரசு உதவித்தொகை தருகிறது என்று அறிந்து சித்தூரில் விண்ணப்பித்தேன். கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் நாயுடுபேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் மாமா எனக்காகப் பார்த்துவைத்திருந்த சூப்பர்வைசர் வேலை. நடுவில் வேறு வழி இல்லை.

விண்ணப்பத்தில் ஒட்டிய போட்டோவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வயதில் என் தலைமுடியைவிடப் பெருமையான சொத்து எனக்கு இல்லை. சின்ன வயதில் அக்கா எறிந்த பித்தளைச் சொம்பு என் பின்மண்டையில் ஒரு தழும்பை விட்டிருந்தது. அதை மறைக்க வளர்க்கத் தொடங்கினேன். பிறகு காரணம் மறந்துபோய், வளர்ப்பு மட்டும் தொடர்ந்தது. கூடவே தாடியும் மீசையும் சேர்ந்துகொண்டன. "முகமும் கொஞ்சம் தெரியணும் தம்பி" என்றார் சித்தூர் ஸ்டூடியோக்காரர். நான் ஒத்துழைக்கவில்லை.

நேர்காணல் கடிதம் வந்த அன்றுதான் நைனா விஷயத்தை உடைத்தார்.

"இன்டர்வியூக்குக் கூப்ட்டா ரெண்டு பேரும் மொட்டை போட்டுக்கறோம்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்டா."

"என் தலையை என்னைக் கேக்காம எப்டி நைனா வேண்டிக்குவே?"

"தலை யாரு குடுத்தது?"



நேர்காணல் திருப்பதியில். "மொத நாளே மலை ஏறி, முடி எறக்கி, சாமியப் பாத்துட்டு, காலைல அப்டியே கீழ வந்து ஆபீசுக்குப் போயிடலாம். ஒரே பஸ் சார்ஜு" என்றார் நைனா. "ஆபீஸ் வேலைய முடிச்சிட்டு அப்புறம் மொட்டை போட்டா சாமி கோச்சிக்குமா?" என்று அம்மா கேட்டாள். அன்று வீட்டில் பேசப்பட்ட அறிவுள்ள வாக்கியம் அது ஒன்றுதான். யாரும் காதில் வாங்கவில்லை.

துணைக்கு வந்த மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, வேண்டுதல் எதுவும் கிடையாது. மலையில் வரிசையைப் பார்த்ததும், "வந்ததுதான் வந்தோம், நானும் போட்டுக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். (எங்கள் கொள்கை பெண் எடுத்த வீட்டுக்கும் பரவியிருந்தது.) எனக்கு முடி இறக்கியவர் தாடி, மீசை எதையும் விடவில்லை. புருவத்தை மட்டும் போனால் போகட்டும் என்று விட்டார். கண்ணாடியில் பார்த்தேன். உரித்த முட்டைக்குக் கண் வரைந்ததுபோல இருந்தது.

மறுநாள் காலை, சந்தனம் பூசிய மூன்று தலைகளும் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நேர்காணலுக்கு முன் சான்றிதழ் சரிபார்ப்பு. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் போட்டோவைப் பேனாவால் தொட்டார்.

"இதி எவரு?" இது யார் என்கிறார்.

"நேனே சார்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "மரி நுவ்வெவரு?" அப்படியென்றால் நீ யார் என்கிறார்.

"நேனே சார்."

நான்தான் என்ற ஒரே பதில் இரண்டு கேள்விக்கும் பொருந்தியது. முகம்தான் பொருந்தவில்லை. ஆதார் அட்டையை நீட்டினேன். அதிலும் அதே காடு. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்து உட்காருவது உண்டு என்பதால் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். மதியத்துக்குள் சரிபார்க்காவிட்டால் பெயர் நீக்கப்படும் என்றும் சொன்னார். நான் மலையைக் கை காட்டினேன்.

"திருப்பதியில இருந்துக்கிட்டு எனக்கு மொட்டை தெரியாதா? எல்லாரும் வேலை முடிஞ்சப்புறம் போட்டுக்குவாங்க. நீ ஏன் முன்னாடியே போட்டே?" என்று தெலுங்கில் கேட்டார். அம்மாவின் வாக்கியம் மொழி மாறி என்னைத் தேடி வந்திருந்தது.

தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டி வரச் சொன்னார். ஓடிப்போய் நைனாவை அழைத்து வந்தேன். அதிகாரி நைனாவைப் பார்த்தார். பிறகு நைனாவின் ஆதார் அட்டையைப் பார்த்தார். அதில் சுருட்டை முடியும் முறுக்கிய மீசையுமாக வேறொருவர் இருந்தார். அடுத்து மாமா. அவர் அட்டையில் நடுவகிடு எடுத்தவர் ஒருவர். மூன்று மொட்டைகள் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றோம்.

"உங்க வீட்ல முடி இருக்கறவங்களே கிடையாதா?" என்றார் அதிகாரி.

"எங்க அக்கா கீறாங்க சார். நெறைய முடி. ஆனா நகரியில கீறாங்க" என்று மாமா அம்மாவைச் சிபாரிசு செய்தார்.

நாயுடுபேட்டை பஸ் எனக்காக ஹாரன் அடிப்பது காதில் கேட்டது. கடைசியாக அதிகாரி என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்தார். அதில் இரண்டு அங்க அடையாளங்கள் எழுதியிருக்கும். முதலாவது, நெஞ்சில் ஒரு மச்சம்.

"சட்டையைத் திற."

திறந்தேன். மச்சம் இல்லை. எப்படி இருக்கும்? எங்கள் வகுப்பு ஆசிரியர் வேலை சீக்கிரம் முடிய, பெஞ்சுக்கு ஒரு மச்சம் என்று எழுதியவர். முதல் பெஞ்சுக்குக் கன்னம், இரண்டாவதுக்கு முழங்கை, எங்கள் பெஞ்சுக்கு நெஞ்சு. நைனா குனிந்து தேடிப் பார்த்துவிட்டு, "முன்ன இருந்துச்சு சார்" என்றார். தரிசனம் முடிந்து அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு பொய்.

இரண்டாவது அடையாளம், பின்மண்டையில் தழும்பு. இதை மட்டும் ஆசிரியர் உண்மையாக எழுதியிருந்தார். அந்தத் தலையில் தினமும் குட்டியவர் என்பதால் நேரடி அனுபவம். அதிகாரி என்னைத் திரும்பச் சொன்னார். நைனா துண்டால் சந்தனத்தைத் துடைத்தார். முடி இருந்த காலமெல்லாம் ஒளிந்திருந்த தழும்பு, சொம்பு விளிம்பின் வளைவு மாறாமல் அங்கே இருந்தது. அதிகாரி விரலால் தடவிப் பார்த்தார்.

"உந்தி" என்றார். இருக்கிறது! கையெழுத்து விழுந்தது.

உள்ளே போகும் முன் நைனா என் காதில், "கெடச்சிதுன்னா, படிச்சி வந்ததும் இன்னொரு மொட்டை. சொல்லிட்டேன்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். தலைமை வகித்த அம்மையார் கேட்ட முதல் கேள்வி, படித்துவிட்டு அங்கேயே தங்கிவிட மாட்டாய் என்பதற்கு என்ன நிச்சயம் என்பது. அதற்குத் தேசப்பற்றோடு ஒரு பதில் மனப்பாடம் செய்திருந்தேன். அது சந்தனத்தோடு வழிந்து போயிருந்தது.

"தங்க முடியாது மேடம். இந்தத் தலைக்கு அடுத்த வேண்டுதலும் இப்பதான் வெளியே ஆகியிருக்கு. வந்துதான் ஆகணும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர், தரிசனத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அக்கறையாக விசாரித்தார். தண்ணீர்ப் பிரச்சினைக்கு அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

உதவித்தொகை கிடைத்தது. போனேன், படித்தேன், வந்தேன், மொட்டை போட்டேன். அந்த வாரம் எனக்கு ஆபீஸ் வேலை எதுவும் இல்லை என்று அம்மா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அக்காவைத்தான் பிறகு ஒன்றும் செய்ய முடியவில்லை. விளிம்பு நசுங்கிய அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதில்தான் தண்ணீர் கொடுக்கிறாள். "கவர்மெண்டு பணம்தான் குடுத்துது. ஆளு இவன்தான்னு காட்டிக் குடுத்தது நானு" என்பது அவள் கட்சி.

போன மாதம் என் மகள், தானும் வெளிநாட்டில் படிக்கப் போவதாக வீட்டில் அறிவித்தாள். எல்லோரும் கை தட்டினோம். அவள் நேராகச் சமையலறைக்குப் போய் அந்தச் சொம்பை எடுத்து வந்து அக்கா கையில் கொடுத்தாள். பிறகு ஜடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பி நின்று சொன்னாள்:

"மெதுவா போடு அத்தை."