ஏழாம் பக்கத்தில் செத்தவர்

ஏழாம் பக்கத்திலேயே வைரக்கண்ணு செத்துப்போனார்.

வலங்கைமான் கடைத்தெருவில், தன் உரக்கடையில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தவர் பெயரும் வைரக்கண்ணுதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். சந்தேகமே இல்லை. 'வலங்கைமான் உரக்கடை வைரக்கண்ணு' என்று ஊர், தொழில், பெயர் மூன்றும் சுத்தமாக அச்சாகியிருந்தன. சித்திரை வெயிலில் குடமுருட்டி ஆற்றில் குளிக்க இறங்கியவரை ஒரு பேய் காலைப் பிடித்து இழுத்து, பதினைந்தடி ஆழத்தில் அமுக்கிக் கொன்றிருந்தது.

"பாய்!" என்று கத்தினார்.

பக்கத்துக் கடை அப்துல் ஜலீல் எட்டிப் பார்த்தார். பத்திரிகைக் கடையோடு புதிதாக எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருப்பவர். மாதாமாதம் நிழல்வேந்தனின் பேய் நாவலை வைரக்கண்ணுக்கு முதல் காப்பியாக எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான்.

"என்னண்ணே, பயந்துட்டீங்களா?"

"என்னைக் கொன்னுட்டான் பாய். அதுவும் சித்திரை மாசத்துல, ஆத்துல முக்கி! சித்திரையில குடமுருட்டியில ஏது தண்ணி?"

ஜலீல் அந்தப் பக்கத்தைப் படித்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தும் சிரிப்பு நிற்கவில்லை.

"இதைத்தானே அண்ணே போன வருஷம் அந்த ஆளுக்கு கார்டுல எழுதினீங்க?"

உண்மைதான். மூன்று வருடமாக, ஒரு மாதமும் தவறாமல், நிழல்வேந்தனுக்குப் பதிப்பக முகவரியில் அஞ்சலட்டை போட்டு வந்தார் வைரக்கண்ணு. டெல்டாவில் நடப்பதாகச் சொல்லும் கதையில் டெல்டாவைக் காணோம் என்பது அவருடைய பெரிய குறை. 'மேட்டூர் அணையை வைகாசிக் கடைசியில்தான் திறப்பார்கள். சித்திரையில் ஆற்றிலிருந்து உங்கள் பேய் ஈரப் புடவையோடு எழுந்து வந்தது எப்படி?' என்று ஒரு கார்டு. 'ஐப்பசி அடைமழையில் வைக்கோல்போர் தானாகத் தீப்பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊருக்கு வந்து பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திக் காட்டவும்' என்று ஒன்று. 'நட்டு இரண்டு நாள் ஆன வயலில் பேய் துரத்துகிறது. பேய்க்குக் கால் இல்லை, சரி. ஓடுகிற கதாநாயகனுக்குமா இல்லை? முழங்கால் வரை புதைய வேண்டாமா?' என்று இன்னொன்று. 'உங்கள் கதையில் வருகிறவர்கள் எல்லோரும் தன்னந்தனியாகவே கொல்லைப்பக்கம் போகிறார்கள். ஒருத்தராவது துணைக்கு ஆளைக் கூப்பிடக் கூடாதா?' என்று மற்றொன்று.

ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இப்போதுதான் வந்திருக்கிறது, ஏழாம் பக்கத்தில்.

அன்றைக்கே ஒரு கார்டு எழுதினார். 'என் பெயரைப் பயன்படுத்த உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. இனிமேல் இப்படி நடந்தால் விபரீதம் ஆகும்.'

அடுத்த மாதம் விபரீதம்தான் ஆனது. அநியாயமாகச் செத்த வைரக்கண்ணு பேயாகத் திரும்பி வந்திருந்தார். அவர் வருவதற்கு முன்னால் யூரியா வாசனை வரும். மூக்கில் பட்ட மாத்திரத்தில் ஊர் நடுங்கும். கடைசி அத்தியாயத்தில், ஐப்பசி அடைமழையில் தானாகத் தீப்பிடித்த வைக்கோல்போரில் சிக்கி அந்தப் பேயும் எரிந்துபோயிற்று.

மறுநாள் காலை கடைக்கு வந்த முதல் ஆளே கேட்டார். "அண்ணே, ரெண்டு மூட்டை யூரியா. உங்க வாசனை அடிக்காத மூட்டையாப் பார்த்துக் குடுங்க."

வைரக்கண்ணு நேராக ஜலீல் கடைக்குப் போய், மிச்சமிருந்த முப்பது காப்பியையும் தானே வாங்கிக்கொண்டு வந்து பொட்டாஷ் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். இனி யார் படிப்பார்கள், பார்க்கலாம்.

ஜலீலுக்கு ஏக சந்தோஷம். "கேபிள் டி.வி. வந்ததுலேருந்து நாவலே போகலண்ணே. இந்த மாசம் ரெண்டே நாள்ல தீர்ந்துபோச்சு. அடுத்த மாசத்துக்கு எண்பது கேட்டு போன் போட்டுட்டேன்."

"அடப்பாவி பாய்!"

"கோவப்படாதீங்க. நான் ஒரு வழி சொல்றேன். எழுதுற ஆளுங்க புகழ்ச்சிக்கு மயங்கிடுவாங்க. நல்லதா நாலு வார்த்தை எழுதிப் போடுங்க, விட்டுடுவாரு."

அந்தக் கடிதத்தை எழுத வைரக்கண்ணுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு வரிக்கும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். 'தங்கள் பேய் மிகவும் இயற்கையாக இருந்தது. வைக்கோல்போர் எரிந்த இடத்தில் எனக்கே அனல் அடித்தது. அந்த ஆத்மாவுக்கு இனியாவது நல்ல வாழ்க்கை கொடுங்கள்.'

நல்ல வாழ்க்கை கிடைத்தது. மூன்றாவது நாவலில் வைரக்கண்ணு மறுபிறவி எடுத்திருந்தார். அதே ஊர், அதே உரக்கடை, ஆனால் இரண்டு மனைவிகள். ஒருத்தி வலங்கைமானில், இன்னொருத்தி திருக்கடையூரில். கடைசியில் துணைக்கு யாரையும் கூப்பிடாமல் தன்னந்தனியாகக் கொல்லைப்பக்கம் போய், புளியமரத்தடியில் ரத்தம் கக்கிச் செத்தார். எண்பது காப்பியும் விற்றுப்போயிற்று. அதில் ஒன்று அவர் வீட்டுக்கே வந்துவிட்டது.

"திருக்கடையூர்ல யாருங்க?" என்றாள் மனைவி கமலாம்பாள்.

"கதைடீ அது. அந்த ஆளு கிறுக்கன்."

"அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூர்லதான் பண்ணணும்னு நீங்க அடிக்கடி சொன்னப்பவே நெனச்சேன்."

"எல்லாரும் அங்கதானே பண்றாங்க!"

"எல்லாருக்கும் அங்க வீடு இருக்கா?"

மூன்று நாள் சாப்பாடு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. நான்காம் நாள் பரிமாறும்போது கேட்டாள். "பிடிக்கலன்னா எதுக்குங்க அந்தக் கதையைப் படிக்கிறீங்க?"

"பிடிக்காமயா மூணு வருஷமா கார்டு போடுறேன்?" என்றார் வைரக்கண்ணு. சொன்ன பிறகு அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அந்த வாரம்தான் மகள் குந்தவைக்கு வரன் வந்தது. கும்பகோணத்தில் பி.காம். முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பையன் மதிவாணன், நீடாமங்கலத்துக்காரன், சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். அப்பா இல்லை, அம்மாதான் வளர்த்து ஆளாக்கினாராம். மூன்று வார லீவில் வந்திருக்கிறான். போட்டோவைப் பார்த்துவிட்டுக் குந்தவை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போட்டோவைத் திருப்பியும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஜலீலின் மச்சான் நீடாமங்கலத்தில் அதே தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஜலீல் பூத்திலிருந்து போன் போட்டு விசாரித்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"குடும்பம் தங்கமாம் அண்ணே. பையன் பீடி சிகரெட் கிடையாதாம். ஒரே ஒரு சங்கதிதான்…"

"சொல்லுங்க பாய்."

"பையனோட அம்மா செங்கமலம். அந்த அம்மா வீட்டு அலமாரியில நிழல்வேந்தன் நாவல் ஒண்ணு பாக்கியில்லாம அடுக்கியிருக்காம்."

வைரக்கண்ணு பொட்டாஷ் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். யூரியா நாற்றமடிக்கும் பேயின் வீட்டில், இரண்டு பெண்டாட்டிக்காரன் வீட்டில், எந்த அம்மா பெண் எடுப்பாள்?

"பேரை மாத்திச் சொல்லிடுங்க," என்றார் ஜலீல். "அவங்களுக்கு வலங்கைமான் உரக்கடைக்காரர்னுதானே தெரியும். இந்த ஊர்ல நாலு உரக்கடை இருக்கு. நாளைக்கு அவங்க பொண்ணு பார்க்க வர்றப்ப மட்டும் நீங்க கண்ணையா."

"அப்புறம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறப்ப?"

"அப்ப மாப்பிள்ளை வீடு பின்வாங்க முடியாதுல்ல?"

மறுநாள் மாலை கார் வந்து நின்றது. மதிவாணன் இறங்கினான். அவன் சித்தப்பா தியாகராசன் இறங்கினார். கடைசியாக, தடிமனான கண்ணாடி போட்ட ஒல்லியான ஒரு அம்மா இறங்கினார். அதுதான் செங்கமலம். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்ததாக வைரக்கண்ணுக்குத் தோன்றியது. காலையிலிருந்து அவர் மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்திருந்தார்.

"உங்க பேரு?" என்றார் தியாகராசன்.

"கண்ணையா."

செங்கமலம் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அதே நேரம் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"வைரக்கண்ணு அண்ணே! கடை பூட்டிக் கிடக்கே, டி.ஏ.பி. மூணு மூட்டை வேணும்!"

வைரக்கண்ணு பாய்ந்து வெளியே போனார். பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவரு இல்லீங்க. வெளியூர் போயிருக்காரு."

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்னண்ணே, நீங்களே நின்னுக்கிட்டு நீங்க இல்லேங்கிறீங்க? கதையில எழுதியிருக்கிறது நெசந்தான் போல!" என்றவர் சைக்கிளை வேகமாகத் திருப்பினார்.

உள்ளே வந்தபோது மதிவாணன் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான், தோள் மட்டும் குலுங்கியது. கமலாம்பாள் கதவோரம் தலையைக் குனிந்திருந்தாள். குந்தவையின் முகத்தைப் பார்க்க வைரக்கண்ணுக்குத் தைரியம் இல்லை.

"என் பேரு வைரக்கண்ணுதாங்க," என்றார். "மன்னிச்சுக்குங்க. பொண்ணுக்கு இதுல சம்பந்தம் எதுவும் இல்ல."

செங்கமலம் குந்தவையைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "ஏம்மா, கொல்லைப்பக்கம் ஏதோ சத்தம் கேக்குது. போய்ப் பார்ப்பியா?"

"நான் எதுக்குங்க தனியாப் போகணும்? அப்பாவைக் கூப்பிடுவேன், அம்மாவைக் கூப்பிடுவேன். மூணு பேரும் டார்ச் எடுத்துக்கிட்டுப் போவோம்."

செங்கமலம் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு வைரக்கண்ணு பக்கம் திரும்பினார்.

"நீங்க நிழல்வேந்தன் கதை படிப்பீங்கன்னு கேள்விப்பட்டேன். எப்படி எழுதுறாரு?"

வைரக்கண்ணுக்கு எதிரில் மகளின் வாழ்க்கை உட்கார்ந்திருந்தது. "பிரமாதமா எழுதுறாருங்க."

"எதுங்க பிரமாதம்?"

"எல்லாமேதான்… அந்த ஆறு… அந்த வைக்கோல்போர்…"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"இல்லீங்க, பொய் சொல்ல வாய் வரல. அந்த ஆளுக்கு ஆத்துல எப்ப தண்ணி வரும்னு தெரியாது. சம்பா எது, குறுவை எதுன்னு தெரியாது. வரப்புல நடந்தே பார்த்திருக்க மாட்டாரு. பேய் வர்றதுக்கு முன்னாடி ஆந்தை கத்தும், நாய் ஊளையிடும், கரண்ட் போகும். எங்க ஊர்ல தெனமும்தான் கரண்ட் போவுது, அதுக்குப் பேய் வேணுமா? படிக்கிறவன் நடவு ஆளுங்களுக்குச் சோறு போட்டுட்டு வந்து படிக்கிறான். அவனைப் பயமுறுத்துறது அவ்வளவு சுலபமா?"

கமலாம்பாள் கதவோரத்திலிருந்து "என்னங்க!" என்று கெஞ்சினாள். அவர் காதில் விழவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷம் முந்தி ஒரு கதையில ஒரு பக்கம் வரும். புருஷன் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு அடுப்பு முன்னால உக்காந்து, ரெண்டு பேருக்கு உலை வைக்கிறதா, ஒருத்தருக்கான்னு தெரியாம முழிப்பா. அதுல பேயே கிடையாது. அதைப் படிச்சுட்டு நான் கடையைப் பூட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். இவ கை அடுப்படியில வேலை செய்யறதைப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னேன். அதை எழுதின ஆளு பேய்க்கதை எழுதி வீணாப் போறாரேன்னுதான் எனக்கு ஆத்திரம்."

கமலாம்பாள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

செங்கமலம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதை அவருக்கு எழுதினீங்களா?"

"இல்லீங்க. குத்தத்தை எழுதவே கார்டுல இடம் பத்தல."

செங்கமலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகனைப் பார்த்தார். அவன் எப்போதோ தலையை ஆட்டத் தயாராக இருந்தான். குந்தவை வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நிச்சயத்துக்கு நாள் பாருங்க சம்பந்தி," என்றார் செங்கமலம்.

கார் புறப்படத் தயாராக நின்றது. வைரக்கண்ணுக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை. முன்சீட்டில் ஏறப்போன தியாகராசனை ஓரமாக இழுத்துப்போனார்.

"எனக்கு ஒண்ணும் புரியலீங்க. அந்த அம்மா அந்த ஆளோட புத்தகத்தை ஒண்ணு விடாம வெச்சிருக்காங்க. நான் இவ்வளவு திட்டினேன். எப்படிங்க சம்மதிச்சாங்க?"

தியாகராசன் காருக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க அண்ணி உங்களை மூணு மாசத்துல மூணு தடவை கொன்னு பார்த்துட்டாங்க, நீங்க எழுதுறதை நிறுத்தற மாதிரி தெரியல, அதான், சம்பந்தம் பண்ணிக்கிட்டா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே நீங்க பார்த்துச் சொல்லிடுவீங்கன்னு பொண்ணு கேட்டு வந்தாங்க."